ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

ஒத்தக்கடையில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர் முதலில் காட்டுவது வீட்டை அல்ல, யானைமலையை. படுத்திருக்கிற யானை மாதிரியே இருக்கிறதா இல்லையா, தும்பிக்கை அந்தப் பக்கம், முதுகு இந்தப் பக்கம் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டிவிட்டு, குடிதண்ணீர் எப்படி வரும் என்ற கேள்வியை நைசாகத் தாண்டிப் போய்விடுவார். வசுந்தராவின் மகன் விஜய்ஆனந்தும் மலையில்தான் விழுந்தான். அதுவும் நேரில் வந்துகூட அல்ல. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, போனில் வந்த வீடியோவைப் பார்த்தே அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். மொட்டை மாடியில் நின்றால் மலை, காற்று, அமைதி, இதற்கு மேல் உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டான். தனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டிராததால் வசுந்தராவுக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

ஐம்பத்து நான்கு வயது வரை அவள் இருந்தது மதுரைக்குள்ளே, மகால் பக்கத்துச் சந்து ஒன்றில். சந்து முழுக்கச் சௌராஷ்டிரக் குடும்பங்கள். நிம்மதியாக ஒரு தும்மல் போட முடியாது. எதிர்வீட்டிலிருந்து கஷாயம் வந்துவிடும். அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. கணவர் லட்சுமிநாராயணன் காலமானதும் அவருடைய அண்ணன் தம்பிகள் பொது வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டார்கள். அவள் ஒத்தக்கடைக்கு வந்தாள். இங்கே அவள் எத்தனை தும்மினாலும் கேட்பாரில்லை. வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேச வேண்டுமென்றால் ராத்திரி மகன் போன் செய்ய வேண்டும். அவனும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று இரண்டு கேள்வியோடு போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவான். பிள்ளைகள் இங்கிலீஷில் ஹலோ சொல்லும்.

ஒத்தக்கடை ஒரு வினோதமான ஊர். வார நாளில் ஊர்க்காரர்கள் எல்லோரும் விடிந்ததும் விடியாததுமாகப் பஸ் பிடித்து மதுரைக்கு ஓடிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்குகிறார்கள். மலையடிவாரத்து நரசிங்கம் கோயிலில் ஒரு கும்பிடு, பாறையின் முன் நின்று நாலு போட்டோ, மெயின் ரோட்டில் ஒரு ஜிகர்தண்டா, முடிந்தது சுற்றுலா. ஊர்க்காரர்கள் அப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரத் தூக்கத்தைத் தூங்குகிறார்கள். ஆக, புதிதாக வந்த ஒருத்தி யாரிடமாவது பேச வேண்டும் என்று நினைத்தால் வாரத்தில் எந்த நாளும் தோதுப்படாது. புது வீடுகளின் கேட்டுகள் வேறு ஒவ்வொன்றும் கோட்டைக் கதவு மாதிரி உயரம்.

பகல் முழுவதும் வீட்டுக்குள் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. விளக்குத்தூண் பக்கம், சொந்தக்காரர் ஒருவரின் ப்ளவுஸ் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். புடவைக்குப் பொருத்தமான நிறத்தில் துணி எடுத்துக் கொடுக்கும் வேலை. இந்த வயதில் வேலைக்குப் போய் என் மானத்தை வாங்காதே என்று மகன் குதித்தான். அவன் மானம் பெங்களூரில் பத்திரமாக இருக்கிறது, இங்கே பேச்சுத் துணையில்லாமல் செத்துக்கொண்டிருப்பது நான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாண்டிமீனா கிடைத்தது அந்த வேலையால்தான். சாயங்காலம் பெரியார் பஸ் நிலையத்தில் பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, சாப்பாட்டுப் பை, துப்பட்டா எல்லாம் பறந்து சீட்டில் விழும். விழுந்தது யாருடையதோ அவருக்கு அந்த இடம். இதற்குச் சட்டம் கிடையாது, ஆனால் மீற யாருக்கும் துணிச்சலும் கிடையாது. ஒரு நாள் வசுந்தரா கடைசியாக மூச்சு வாங்க ஏறியபோது, முப்பத்தைந்து நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பக்கத்துச் சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டு இன்னொருத்தியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆள் வருது என்று இவள் சாதிக்க, எங்கே அந்த ஆள், காட்டு பார்ப்போம் என்று அவள் நிற்க, பாண்டிமீனா நிமிர்ந்து பார்த்தாள். வசுந்தரா கண்ணில் பட்டாள்.

"இந்தா வந்துட்டாங்கல்ல. வாங்கக்கா, ஒங்களுக்குத்தான் போட்டு வச்சிருக்கேன்" என்றாள், பத்து வருஷம் பழகியவள் மாதிரி.

உட்கார்ந்த பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆள் யாரும் வருவதாகவே இல்லையாம். கால் நீட்டி உட்காரலாம் என்று பையை வைத்தாளாம். சண்டை முற்றியதும் பின்வாங்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அன்று பொய்யாகச் சொன்னது மறுநாளிலிருந்து நிஜமாகிப் போனது. மேலவெளி வீதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வேலை. பஸ் நிலையம் பக்கம் என்பதால் முன்னாலேயே வந்து இடம் போட்டுவிடுவாள். ஒத்தக்கடைக்கு இரண்டு நிறுத்தம் தாண்டி அவள் ஊர். கணவன் திருப்பூரில் இருந்தான். மகள் இசைவாணி ஐந்தாம் வகுப்பு. ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் செய்கிற கூத்து, ப்ளவுஸ் துணி எடுக்க வருகிறவர்கள் செய்கிற கூத்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனால் மாட்டுத்தாவணி நெரிசலும் தெரியாது, ஒத்தக்கடை வந்ததும் தெரியாது. வசுந்தராவின் ஒரு நாள் என்பதே அந்தப் பயணம்தான். மற்றதெல்லாம் அதற்குக் காத்திருக்கிற நேரம்.

ஒரு தடவை பேச்சுவாக்கில் பாண்டிமீனா தன் தெருவின் பெயரைச் சொன்னாள். சொன்னால் எந்தச் சாதிக்காரர்கள் இருக்கும் தெரு என்று யாருக்கும் புரிந்துவிடும் பெயர். வசுந்தராவுக்கும் புரிந்தது. ஓஹோ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அடுத்து என்ன பேசுவது என்று ஒரு கணம் தெரியவில்லை, அவ்வளவுதான். பாண்டிமீனாதான் அன்றைக்கு வேறு பேச்சை எடுத்து ஆரம்பித்து வைத்தாள்.

அப்படியே இரண்டு வருஷம் போனது. சொன்னால் நம்ப முடியாது, இருவரும் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்ததில்லை. தினமும் மலையைத் தாண்டித்தான் போகிறேன், நரசிங்கம் கோயிலுக்குள் இன்னும் போனதில்லை அக்கா என்று பாண்டிமீனா ஒரு நாள் சொன்னதும், அதைப் பிடித்துக்கொண்டாள் வசுந்தரா. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு, கோயிலுக்குப் போவோம், அப்படியே என் வீடு என்று கூப்பிட்டாள். அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று முறையாக ஒருத்தியைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பிய பிறகுதான் பாண்டிமீனா சரிக்கா, வாரேன் என்றாள்.

வியாழக்கிழமையே வசுந்தராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் திரையைத் துவைத்தாள். வடைக்கு முள்ளுமுருங்கை இலை வேண்டுமென்று கடைக்காரப் பையனை விரட்டு விரட்டென்று விரட்டினாள். காபிப் பொடி புதிதாக அரைத்து வாங்கினாள். கடையிலிருந்து திரும்பும்போது பூப்போட்ட பேப்பர் கப் ஒரு கட்டும் வாங்கினாள்.

அந்தக் கப்புக்கு அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எச்சில் என்றால் அப்படி ஒரு கெடுபிடி. டம்ளரில் உதடு படக் கூடாது. தண்ணீரோ காபியோ தூக்கித்தான் குடிக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்கும் அதே சட்டம்தான். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியும் சட்டம் போகவில்லை. பாண்டிமீனாவோ பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து மடக் மடக்கென்று குடிக்கிறவள். நம் வீட்டு டம்ளரைக் கொடுத்துத் தூக்கிக் குடி என்று சொல்ல முடியுமா, மேலெல்லாம் சிந்திக்கொண்டால் பாவம் இல்லையா. பேப்பர் கப் என்றால் இஷ்டம் போலக் குடிப்பாள், சுத்தமாகவும் இருக்கும், பார்க்கவும் அழகு. இப்படி யோசித்து, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிமீனா தனியாக வந்தாள். பச்சையில் அரக்கு பார்டர் வைத்த புடவை; இதற்கு ப்ளவுஸ் எங்கே எடுத்தாய், நிறம் அரைப் புள்ளி தள்ளியிருக்கிறது என்று வசுந்தரா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். கோயிலுக்கு நடந்தே போனார்கள். குடைவரைக்குள் நரசிம்மரின் முன்னால் பாண்டிமீனா கண்ணை மூடியவள் வெகுநேரம் திறக்கவில்லை. வெளியே வந்ததும், இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு இம்புட்டு நாள் வராமப் போனேனே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பாறையின் கீழே இருவரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வசுந்தராவின் போனில் பேரன் பேத்தி அல்லாத முதல் போட்டோ அது. அன்றைக்குக் காலையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்து, வடையைச் சுடச்சுட இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். பாண்டிமீனா நாலு வடை சாப்பிட்டாள், ஐந்தாவதையும் தள்ளவில்லை. அப்புறம் வசுந்தரா காபி கொண்டுவந்தாள். ஒரு கையில் தனக்கு எவர்சில்வர் டம்ளர். இன்னொரு கையில் பூப்போட்ட பேப்பர் கப். கப்பை பாண்டிமீனாவின் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

பாண்டிமீனா கப்பைப் பார்த்தாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள். சூடா இருக்குக்கா, கொஞ்சம் ஆறட்டும் என்றாள். கொஞ்ச நேரம் மலையைப் பற்றிப் பேசினாள். வசுந்தரா தன் காபியைத் தூக்கி மடமடவென்று குடித்து முடித்தபோது, போனைப் பார்த்து நேரமாயிருச்சுக்கா என்று எழுந்துகொண்டாள். காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. வேலையுள்ள பெண், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தானே வீட்டைப் பார்க்க முடியும் என்று வசுந்தரா நினைத்தாள். காபியைக் கொட்டும்போது, பால் கொஞ்சம் தண்ணியாகிவிட்டதோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் பாண்டிமீனாவின் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கூட்டமாயிருச்சுக்கா, பிடிக்க முடியல என்றாள் பாண்டிமீனா. வசுந்தரா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பஸ்ஸில் பாண்டிமீனாவே இல்லை. போன் செய்தால், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, முன்னால் போகிற பஸ்ஸில் வந்துவிட்டேன், இனிமேல் அப்படித்தான் என்று பதில் வந்தது. குரலில் கோபம் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதை இருந்தது. வசுந்தரா ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள். ப்ளவுஸ் நிறத்தைக் குறை சொன்னது தப்பாகிவிட்டதா? வடையில் காரம் தூக்கலா? எதுவும் பிடிபடவில்லை. மகன் போன் செய்தபோது சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

பிடிபட்டது புதன்கிழமை காலையில். குப்பை வண்டியோடு வரும் சோலையம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று குப்பைக் கூடையை வாங்கிக் கவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கப் மேலாக விழுந்தது. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா என்றாள். வசுந்தரா உள்ளே திரும்பினாள். பின்னாலிருந்து சோலையம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்:

"டம்ளர்ல வேணாம்மா. அந்தா கெடக்குல்ல, அது மாதிரி பேப்பர் கப்பு இருந்தா அதுல ஊத்திக் குடுங்க. எங்களுக்கு எல்லா வீட்டுலயும் அதுலதான்."

வசுந்தரா திரும்பிக் குப்பை வண்டியில் கிடந்த கப்பைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சோலையம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அண்ணாந்து, சொம்பு உதட்டில் படாமல் குடித்தாள். மாமியாரே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி குடித்தாள்.

ஐயோ, அவள் அப்படி நினைத்துக்கொண்டாளா என்று வசுந்தராவுக்கு முதலில் பதற்றம் வந்தது. அடுத்து ஒரு நிம்மதியும் வந்தது. எச்சில் சமாச்சாரத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம் என்றால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டாள். கடைக்குப் போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். எல்லோருக்கும் இதுதான் வழக்கம் என்ற இடத்தில்தான் இடித்தது. போன மாதம் எதிர்வீட்டு டீச்சர், கரண்ட் கட்டணம் பற்றி ஏதோ கேட்க வந்தவள், காபி குடித்துவிட்டுப் போனாள். அவளும் வாய் வைத்துத்தான் குடித்தாள். எவர்சில்வர் டம்ளரில். அவள் போன பிறகு வசுந்தரா அதைப் புளி போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி அடுக்கினாள். டீச்சருக்காகப் பேப்பர் கப் வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று முழுவதும் அவள் எடுத்துப்போட்ட துணி ஒன்றும் புடவைக்குச் சேரவில்லை. கூட வேலை பார்க்கும் சரண்யாதேவி, என்னம்மா உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். தான் நல்லவள் என்பதில் அவளுக்கு இதுவரை சந்தேகம் வந்ததில்லை. அதனால் இப்போது வந்த சந்தேகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முன்னால் போகிற பஸ்ஸில் பாண்டிமீனா ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் மடியில் பூக்கூடையோடு ஒரு பெண். வசுந்தராவைப் பார்த்ததும், என்னக்கா இன்னைக்குச் சீக்கிரமே என்று சிரித்தாள். ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வசுந்தராவுக்கு. ஒத்தக்கடை வந்தது. அவள் இறங்கவில்லை. ஒங்க ஸ்டாப்பு வந்துருச்சுக்கா என்றாள் பாண்டிமீனா. தெரியும் என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டி அவளோடு சேர்ந்து இறங்கினாள்.

ஒரு பஞ்சர் கடை, ஒரு வேப்பமரம், ஊருக்குள் போகிற சிமெண்டு ரோடு. மலை பின்னால் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க யானையாகத் தெரியவில்லை, வெறும் பாறையாக இருந்தது. பாண்டிமீனா பையைத் தோளில் மாட்டியபடி காத்து நின்றாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் வசுந்தராவின் நுனிநாக்குக்கு வந்தது. எங்கள் வீட்டில் எச்சில் என்றால், என் மாமியார் இருந்தாரே. விழுங்கிக்கொண்டாள்.

"மீனா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. எதிர்வீட்டு டீச்சர் வந்தப்ப டம்ளர்லதான் காபி குடுத்தேன். உனக்கு மட்டும்தான் அப்படிச் செஞ்சேன். இன்னைக்குத்தான் எனக்கே அது தெரிஞ்சுது."

பாண்டிமீனா தோள் பையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் காரணம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள். "எல்லாரும் ஒரு காரணம் வச்சிருப்பாக. நீங்க சொல்லல. அம்புட்டுக்குச் சந்தோசம்."

அப்போ நாளைக்கு, என்று வசுந்தரா ஆரம்பித்தாள். பாண்டிமீனா தலையாட்டினாள், பஸ்ஸில் எப்போதும் போல உட்காருவோம், பேசுவோம், அதிலெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். வசுந்தராவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்படியென்றால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வா, இசைவாணியையும் கூட்டிக்கொண்டு வா, இந்தத் தடவை பார் நான் எப்படிக் கவனிக்கிறேன் என்று ஆசை ஆசையாகச் சொன்னாள்.

பாண்டிமீனாவின் முகம் அந்தப் பேச்சில்தான் மாறியது. கோபமாக அல்ல. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகமாக.

"அவளும் வாரேன்னுதான்க்கா அன்னைக்கு ஒரே அழுகை. மொதல்ல நா மட்டும் போயிப் பாத்துட்டு வாரேன், அப்பறம் ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். திரும்பிப் போனதும் நம்ம எப்பப் போவோம்னு கேட்டா. அவகிட்ட என்னத்தச் சொல்ல? அந்த வீட்டுல நாய் கெடக்குத்தா, பெரிய நாயி, கடிச்சு வச்சிரும், நீ வர வேணாம்னு சொல்லியிருக்கேன்."

என் வீட்டில் நாய் இல்லையே என்று சொல்ல வசுந்தரா வாயெடுத்தாள். அதைச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பாண்டிமீனா அவள் கையை ஒரு தடவை பிடித்து விட்டாள்.

எதிர்ப்பக்கம் மேலூரிலிருந்து மதுரை பஸ் வந்துகொண்டிருந்தது. பாண்டிமீனாதான் ரோட்டைத் தாண்டிப் போய்க் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏறுங்கக்கா" என்றாள், "இருட்டப் போகுது."